எது நல்ல சீரியல்? தமிழும் மலையாளமும் ஒரே ரிமோட்டில் ஓடும் சிதறாலில் இருந்து பார்த்தால்...

நான்கு அண்ணன் தம்பிகள், ஒரு பலசரக்குக் கடை, மொத்த வீட்டையும் தாங்கிப் பிடிக்கும் மூத்த அண்ணி. விஜய் டிவியில் இந்தக் கதைக்குப் பெயர் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்'. ஏஷியாநெட்டில் இதே கதைக்குப் பெயர் 'சாந்த்வனம்'. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் முதலாவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் சிதறால் மாதிரி ஊர்களில் கதை வேற. அங்கே ரெண்டு மொழியும் புரியும், ரெண்டு சேனலும் வரும். ஒரே கதையை ரெண்டு முறை பார்த்து, 'இதுல அந்த அண்ணி கொள்ளாம், அதுல தம்பி கொள்ளாம்' என்று ஒப்பிடவும் முடியும்.

'எல்லா காலத்துக்கும் பெஸ்ட் சீரியல் எது?' என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். 'மெட்டி ஒலி' என்பார்கள் சிலர். 'மர்மதேசம் மாதிரி இனி வராது' என்பார்கள் இன்னும் சிலர். 'கோலங்கள்' என்று சொல்லி அபியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு சீரியல் ஏன் 20 வருஷம் தாண்டியும் மனசில் நிற்கிறது, இன்னொன்று ஏன் முடிந்த மறுநாளே மறந்துபோகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சிதறால் எங்கே இருக்கிறது?

மார்த்தாண்டத்தில் இருந்து சுமார் 7 கி.மீ. தூரம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஊருக்கு அடையாளம் திருச்சாரணத்து மலை. மேலே ஏறினால் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு என 9-ம் நூற்றாண்டுச் சங்கதிகள் இருக்கின்றன. அதே குகைக்கோயில் பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியது. இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். வெளியூர்க்காரர்கள் மொத்த குமரி மாவட்டத்தையும் 'நாஞ்சில் நாடு' என்று சொல்லிவிடுவது வழக்கம். கறாராகப் பார்த்தால் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள். சிதறால் இருக்கும் விளவங்கோடு பக்கம் அதற்கு மேற்கே. பேச்சிலும் மலையாள வாடை இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

1956 நவம்பர் 1-ம் தேதிதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. எல்லைக்கோடு மாறினாலும் ஒளிபரப்பு அலைகளுக்கு அந்தக் கோடு தெரியாது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் சென்னை இங்கிருந்து 700 கி.மீ. அளவுக்குத் தள்ளி இருக்கிறது. திருவனந்தபுரமோ 50 கி.மீ.க்குள். அங்கே 1985-ல் மலையாள ஒளிபரப்பு தொடங்கியதும், மொட்டைமாடியிலும் ஓட்டுக் கூரையிலும் நின்ற ஆன்டெனாக்கள் அந்தப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. கேபிளும் டிஷ்ஷும் வந்த பிறகு ரெண்டு மொழியும் ஒரே ரிமோட்டுக்குள் வந்துவிட்டன. சன் டிவி 1993 ஏப்ரல் 14-லும், ஏஷியாநெட் அதே ஆண்டு ஆகஸ்டிலும் தொடங்கியவை. குமரி மேற்கு மக்களுக்கு இரண்டு மொழித் தனியார் சேனல்களும் ஒரே வருஷத்தில் பிறந்தவை.

டிவிக்கு முன்னாடி 'சீரியல்' இல்லையா?

இருந்தது. நாஞ்சில் நாட்டில் அது ரொம்பப் பலமாகவே இருந்தது.

குடும்பத் தொடருக்கு என்னென்ன வேண்டும்? மாமியார் கொடுமை, சக்களத்தி சண்டை, சொத்து வழக்கு, வீட்டுக்குள் சூழ்ச்சி. இவை எல்லாவற்றையும் வைத்து, தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 100 வருஷத்துக்கு முன்பே ஒன்று எழுதிவிட்டார். 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. 1910-களின் பிற்பகுதியில் 'தமிழன்' என்ற இதழில் தொடராகவே வந்தது. செய்யுள்தான், ஆனால் பேச்சு நடை. கதை சொல்வது ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி.

பின்னணி இதுதான். அன்றைய நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி முறை இருந்தது. ஒரு ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு சிறு பங்கு கிடைத்தால் உண்டு. புருஷன் கண்ணை மூடினால் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவில். இந்த நிலைமையைத்தான் அந்தப் பெண் சிரிப்பும் அழுகையுமாகச் சொல்கிறாள். உள்ளே இருக்கும் பகுதிகளின் தலைப்பைப் பாருங்கள்: 'மாமி அரசியற் படலம்', 'கோடேறிக் குடி முடித்த படலம்'. கோடு என்றால் இங்கே கோர்ட். இன்றைக்கு ஒரு சேனல் புரோமோவில் போட்டாலும் பொருந்திவிடும்.

இதன் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. மருமக்கள்வழி முறைக்கு எதிராக அந்தக் காலத்தில் நடந்த இயக்கத்துக்கு இந்த நூல் பெரிய பலமாக இருந்தது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. மனைவி மக்களுக்குச் சொத்தில் உரிமை வந்தது. கேலியும் கண்ணீருமாக எழுதிய ஒரு குடும்பக் கதை, கடைசியில் சட்டம் மாறுவதில் பங்கெடுத்தது. 

இன்னொன்று வில்லுப்பாட்டு. குமரி, நெல்லை மாவட்டக் கோயில் கொடைகளில் வில், உடுக்கு, குடம், ஜால்ரா, கட்டை சகிதம் கதை பாடுவார்கள். இரவு முழுக்க நீளும் கதைகள், சில இடங்களில் ஒரு இரவோடு முடியாது. நீலி கதை, தோட்டுக்காரி அம்மன் கதை, முத்துப்பட்டன் கதை என்று வரிசை பெரிது. இதில் கவனிக்க வேண்டியது நேரக் கணக்கு. கதையில் சாவு நடக்கும் கட்டமும், கோயிலில் சாமியாட்டம் உச்சத்துக்கு வரும் நேரமும் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்கேற்ப பாடகர் கதையை இழுப்பார், இல்லையென்றால் சுருக்குவார். முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முடிவு தெரியும், போன வருஷமும் கேட்டதுதான். அப்புறமும் எழுந்து போக மாட்டார்கள். 'அடுத்து என்ன?' என்பதை விட 'எப்படி நடக்கப்போகிறது?' என்பதில்தான் கூட்டம் கட்டுண்டு கிடக்கும். எபிசோடு கணக்கில் கதையை இழுப்பது சீரியல்காரர்கள் கண்டுபிடித்த வித்தை கிடையாது.

நீலி டிவிக்கு வந்தது எப்படி?

வில்லுப்பாட்டில் கேட்ட அதே நீலிதான் பிறகு மலையாள சீரியலிலும் வந்தாள். 2004-ல் ஏஷியாநெட்டில் தொடங்கிய 'கடமற்றத்து கத்தனார்' தொடர் கேரளத்தில் பெரிய ஹிட். மந்திரம் தெரிந்த ஒரு பாதிரியார் பற்றிய பழங்கதை அது. அதில் அவர் அடக்கும் யட்சிதான் கள்ளியங்காட்டு நீலி. அந்த வேஷத்தில் நடித்தவர் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த சுகன்யா. கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கத்தில். நீலி, இசக்கி கதைகள் பாடப்படும் கோயில்கள் மாவட்டம் முழுக்க உண்டு. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் தெரியாத குமரிக்காரர் இருக்க முடியாது. மற்றவர்களுக்கு அது ஒரு பேய் சீரியல். இந்த ஊர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கதை. 2025-ல் 'லோகா' படம் வந்தபோது அதே நீலி மறுபடி பேசுபொருள் ஆனாள்.

நல்ல தொடரின் முதல் அடையாளம் இங்கேயே தெரிகிறது. கதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நிஜமான ஒரு மண்ணில் வேர் இருக்க வேண்டும்.

தமிழில் இதைச் சரியாகப் பிடித்தது 'மர்மதேசம்'. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 90-களின் நடுவில் சன் டிவியில் வந்த 'ரகசியம்' ஒரு கிராமத்துக் கோயிலின் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி நடப்பது. அடுத்து வந்த 'விடாது கருப்பு' ஒரு கிராமத்தின் காவல் தெய்வமான கருப்பசாமியைச் சுற்றி. தப்பு செய்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். தண்டிப்பது சாமியா, மனிதனா? கடைசி வரை விடை தெரியாது. பார்க்காதவர்களுக்காக இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அன்றைக்கு வாரம் ஒரு எபிசோடு. ஒரு வாரம் முழுக்க ஸ்கூலிலும் ஆபீஸிலும் 'கருப்பு யாரு?' என்று பேச நேரம் கிடைத்தது. சிறுவயதுக் கதையும் நிகழ்காலக் கதையும் மாறி மாறி வரும். அந்தக் காலத் தமிழ் டிவிக்கு அது புதுசு. குதிரைக் குளம்புச் சத்தமும் அருவாளும் இருட்டும் போதுமானதாக இருந்தன. கிராபிக்ஸ் பெரிதாகக் கிடையாது. ஆனால் பகுத்தறிவு பேசும் பாத்திரமும், நம்பிக்கையோடு இருக்கும் கிழவியும் சம பலத்தோடு வாதம் செய்வார்கள். யாரையும் முட்டாள் ஆக்கவில்லை. அதில் ஜோடியாக நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது கூடுதல் தகவல்.

எல்லாம் 'ஹம் லோக்'கில் தொடங்கியதா?

இந்தியாவில் வீட்டுக்குள் வந்த முதல் பெரிய குடும்பத் தொடர் என்றால் 'ஹம் லோக்'தான். 1984 ஜூலை 7-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 1985 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 154 எபிசோடுகள். எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து சில வார்த்தை பேசுவார்.

இதன் விதை மெக்ஸிகோவில் இருந்து வந்தது. அங்கே மிகேல் சபீதோ என்பவர், சமூகக் கருத்துகளைக் கதைக்குள் வைத்துத் தொடர்கள் எடுத்து வெற்றி கண்டிருந்தார். அதே மாதிரி குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்ல 'ஹம் லோக்' எடுத்தார்கள். முதல் 13 எபிசோடுகள் எடுபடவில்லை. காரணம் எளிது. கதையை விட உபதேசம் அதிகம். உடனே உபதேசத்தைக் குறைத்து, அந்த வீட்டு மனிதர்களின் பிரச்னைகளை முன்னால் கொண்டுவந்தார்கள். பிறகு தூர்தர்ஷனுக்கு வந்து குவிந்த கடிதங்கள் மட்டும் சுமார் 4 லட்சம்.

கருத்து சொல்லக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அசோக் குமார் கடைசி வரை பேசிக்கொண்டுதான் இருந்தார். பார்ப்பவர்கள் முதலில் அந்த வீட்டுக்காரர்களோடு பழக வேண்டும், பிறகுதான் அறிவுரை காதில் ஏறும்.

'மெட்டி ஒலி'யில் அப்படி என்ன இருந்தது?

2002-ல் தொடங்கி 2005 ஜனவரியில் முடிந்தது. 800 எபிசோடுகளுக்கு மேல். இயக்கம் திருமுருகன். 2020 லாக்டவுனில் சன் டிவி மறுபடி ஒளிபரப்பியபோது, முதல் முறை ஓடியபோது பிறக்காத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கதையை ஒரு வரியில் சொல்லலாம். மனைவியை இழந்த ஒரு அப்பா, ஐந்து பெண்கள், ஐந்து கல்யாணங்கள். அவ்வளவுதான். ஆள் கடத்தல் இல்லை, விஷம் கலந்த பால் இல்லை, முகம் மாற்றும் ஆபரேஷன் இல்லை. அப்பா சிதம்பரமாக டெல்லி குமார். காலையில் சிரித்துக்கொண்டே பேசுகிறவர், மகளுக்கு ஒன்று என்றால் துண்டை வாயில் வைத்து அழுகிற அப்பா. பெண்ணைப் பெற்ற எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு மனிதர் இருந்தார்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சீர் குறைந்தால் மகளின் முகம் வாடும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை தவறினால் மகள் பெட்டியோடு வந்து நிற்பாள். ஒரு மகளின் தவறு அடுத்த மகளின் கல்யாணத்தைப் பாதிக்கும். கத்தியோ துப்பாக்கியோ இல்லாமலே வயிற்றைக் கலக்கும். பவுன் கணக்கு பேசித்தான் கல்யாணம் முடிவாகும் வீடுகளில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. குமரி மாவட்டத்திலும் அந்தப் பேச்சு புதுசில்லை.

இன்னொரு பலம், கெட்டவர்களும் முழுக்கக் கெட்டவர்களாக இல்லாதது. கொடுமை செய்யும் மாமியாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தப்பான பக்கம் சாயும் கணவனைப் பார்த்து எரிச்சல் வரும், ஆனால் அவனை நமக்குத் தெரியும். ஆட்டோ டிரைவர் போஸாக நடித்தவருக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இன்றைய போஸ் வெங்கட் அவர்தான்.

இதே திருமுருகன் பிறகு எடுத்த 'நாதஸ்வரம்' காரைக்குடியில் நடந்தது. 2014-ல் அதன் 1000-வது எபிசோடை ஒரே ஷாட்டில், நேரலையாக ஒளிபரப்பி கின்னஸ் சாதனை செய்தார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஜனங்களிடம் கேட்டால் சாதனையை விட 'மெட்டி ஒலி' அப்பாவைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

'கோலங்கள்' ஏன் 1533 எபிசோடு ஓடியது?

2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை. தேவயானி அபியாக நடித்தார், இயக்கம் திருச்செல்வம். ஒரு எபிசோடில் கதைக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 500 மணி நேரத்துக்கு மேல். இரண்டரை மணி நேரப் படமாகக் கணக்குப் போட்டால் 200 படம்.

இவ்வளவு நீளம் எதற்கு? கணக்கு பணத்தில் இருக்கிறது. விளம்பரம் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது கேபிள் டிவி விதி. விளம்பரத்தின் விலையை டிஆர்பி தீர்மானிக்கிறது. ஒரு தொடர் பிடித்துப்போய்விட்டால் அதே நேரத்தில் டிவி போடும் பழக்கம் வீட்டுக்கு வந்துவிடும். அதை முடித்துவிட்டுப் புதுசாக ஒன்றைத் தொடங்கினால் அந்தப் பழக்கம் தொடரும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் ஓடுகிற குதிரையை நிறுத்த யாருக்கும் மனசு வராது. புது டிராக் சேரும், காணாமல் போன ஆள் திரும்புவார், பழைய வில்லன் ஜெயிலில் இருந்து வருவார்.

நீளம் மட்டுமே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. வில்லுப்பாட்டும் நீளம்தான். அபி ஒரு வீட்டுப் பெண்ணாகத் தொடங்கி, கட்டுமானத் தொழிலில் தனியாக நின்று, எதிரிகளோடு மல்லுக்கட்டி வளர்ந்ததைப் பார்க்க ஆறு வருஷம் பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே பத்தாம் வகுப்பு படித்த பெண் வேலைக்கே போய்விட்டாள். ஒரு பாத்திரத்தோடு சேர்ந்து வயதாவது சினிமாவில் கிடைக்காத அனுபவம். ஆனால் கடைசிக் காலத்தில் 'கோலங்கள்' சுற்றிச் சுற்றி வந்தது என்பதை அதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

டிஆர்பி பற்றி ஒரு விஷயம். பி.ஏ.ஆர்.சி அமைப்பு நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து இதைக் கணக்கிடுகிறது. பட்டியலில் தமிழ்நாடு-புதுச்சேரி ஒரு சந்தை, கேரளா தனிச் சந்தை. வாராவாரம் வரும் 'டாப் 5 மலையாள சீரியல்' பட்டியல் கேரளச் சந்தையை வைத்து வருவது. சிதறாலில் உட்கார்ந்து மலையாள சீரியலை விடாமல் பார்ப்பவர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

ஒரே கதை, ரெண்டு வீடு: எது மாறுகிறது?

விஜய் டிவியும் ஏஷியாநெட்டும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. அதனால் ஒரு மொழியில் ஓடிய கதை சீக்கிரமே அடுத்த மொழிக்குப் போகும். போக்குவரத்து ரெண்டு பக்கமும் உண்டு. ஏஷியாநெட்டின் 'கறுத்தமுத்து' தமிழில் 'பாரதி கண்ணம்மா' ஆனது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருந்த கண்ணம்மா மீம்ஸ்களை மறந்திருக்க மாட்டீர்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' அங்கே 'சாந்த்வனம்'. 'சிறகடிக்க ஆசை' அங்கே 'செம்பனீர் பூவு'. வங்காளத்து 'ஸ்ரீமயி' இங்கே 'பாக்கியலட்சுமி', அங்கே 'குடும்பவிளக்கு', இந்தியில் 'அனுபமா'.

குன்றக்குடிப் பலசரக்குக் கடை கேரளத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது? சாப்பாடு மாறும், முற்றம் மாறும், பண்டிகை மாறும். அதை விட முக்கியம், ரசிகர்களின் கவனம் எங்கே போகிறது என்பது. தமிழில் கதிர்-முல்லை ஜோடிக்குக் கிடைத்த வரவேற்பு, மலையாளத்தில் சிவன்-அஞ்சலிக்கு இன்னொரு விதத்தில் கிடைத்தது. ரெண்டு பேரையும் சேர்த்து 'சிவாஞ்சலி' என்று ரசிகர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அதிகம் பேசாமல் முறைத்துக்கொண்டே அன்பு காட்டும் சிவன், கதையில் மூத்த அண்ணன்-அண்ணிக்கு இணையாக வளர்ந்துவிட்டார்.

ரெண்டையும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரியும். கதைச் சுருக்கத்தை விலைக்கு வாங்கலாம். உயிர் வருவது நடிப்பிலும் வசனத்திலும் சின்னச் சின்ன வீட்டு விவரங்களிலும்தான். அதனால்தான் ஒரே கதை ஒரு மொழியில் மனசில் நிற்கிறது, இன்னொரு மொழியில் நழுவிப்போகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தமிழ் சீரியலில் மதுரைத் தமிழ் கேட்கலாம், காரைக்குடிப் பேச்சு கேட்கலாம். குமரி மேற்கின் பேச்சு கேட்பது அபூர்வம். மலையாள சீரியலிலும் அது வராது. ரெண்டு மொழி டிவியையும் பார்க்கும் ஊருக்கு, ரெண்டிலும் தன் குரல் கிடைப்பதில்லை.

மான்மியத்தில் இருந்து 'எதிர்நீச்சல்' வரை

2022 பிப்ரவரியில் சன் டிவியில் திருச்செல்வம் மறுபடி வந்தார். 'எதிர்நீச்சல்'. படித்த பெண்களைத் தேடிப் பிடித்து மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டிவைக்கும் மதுரைக் குடும்பம். அதன் தலைவர் ஆதி குணசேகரன். நடித்தவர் இயக்குநர் மாரிமுத்து. அவருடைய 'இந்தாம்மா ஏய்' ஊரெல்லாம் மிமிக்ரி ஆனது.

வில்லன் ஏன் இவ்வளவு பிடித்துப்போனார்? குணசேகரன் கத்துகிற மாதிரி கத்தும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ பல வீடுகளில் உண்டு. அவர் பேசுவது அநியாயம் என்று தெரியும், ஆனாலும் அந்த வீட்டில் எல்லோரும் அவரைச் சுற்றியே ஓடுவார்கள். அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதச் சொத்து யாருக்கு என்பதில் கதை மாதக்கணக்கில் கொதித்தது. சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்பதை நாஞ்சில் நாட்டில் ஐந்தாவது மனைவி முன்பே சொல்லியிருக்கிறாள்.

2023 செப்டம்பர் 8-ம் தேதி இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். நல்ல நடிகர்தான். ஆனாலும் தொடர் பழைய சூட்டைத் திரும்பப் பிடிக்கச் சிரமப்பட்டது. 2024 ஜூனில் முடிந்தது, அதே வருஷக் கடைசியில் இரண்டாவது பாகம் தொடங்கியது. டிவியில் ஒரு முகம் வாரம் ஆறு நாள் வீட்டுக்குள் வருகிறது. அந்த நெருக்கத்தை இன்னொரு நடிகரால் உடனே நிரப்ப முடிவதில்லை.

அப்போ மோசமான சீரியலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு சோதனை போதும். கதையில் இருக்கும் எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து உண்மையைப் பேசினால் பிரச்னை தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் அது இழுவை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது, பாதி மட்டும் கேட்டுவிட்டு ஓடுவது, டி.என்.ஏ ரிப்போர்ட்டை மாற்றிவைப்பது எல்லாம் இந்த வகை. 'மெட்டி ஒலி' வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாலும் அடுத்த மகளுக்குப் பவுன் வாங்கக் காசு இருக்காது. அந்தப் பிரச்னை நிஜம்.

பெண்களுக்கு எதிரி பெண்களே என்று காட்டும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பட்டுப்புடவையோடு தூங்கும் வில்லி, பழிவாங்குவதைத் தவிர வேறு வேலையே இல்லாதவர். ஏன் அப்படி ஆனார் என்று ஒரு காட்சிகூட இருக்காது. மான்மியத்து மாமியாருக்கும் கொடுமை செய்யக் காரணம் இருந்தது. சொத்து கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அது.

வெப் சீரிஸ் வந்த பிறகு?

இழுக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. 2023 ஜனவரியில் வந்த 'அயலி' 8 எபிசோடுகளில் முடிந்தது. வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அதையே மறைக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை. 2022-ல் வந்த 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்தது. ரெண்டிலும் ஊர்ச் சாமியும் ஊர் வழக்கமும் கதைக்குள் இருக்கின்றன. 'விடாது கருப்பு' போட்ட பாதைதான். ஆனால் ஒரே ராத்திரியில் எல்லா எபிசோடையும் பார்த்து முடித்துவிடுவதால், மறுநாள் பக்கத்து வீட்டில் 'என்ன ஆச்சு?' என்று கேட்கும் பேச்சு குறைந்துவிட்டது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

'மர்மதேசம்' தொடரின் 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டும் கவிதாலயாவின் யூடியூப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் தனித்தனிக் கதைகள் என்பதால் எதை வேண்டுமானாலும் முதலில் பார்க்கலாம். படத்தின் தரம் 90-களின் தரம்தான், பெரிய டிவியை விட மொபைலில் கொஞ்சம் பரவாயில்லை. 'விடாது கருப்பு' பார்ப்பவர்கள் கமெண்ட் பகுதியைத் திறக்காமல் இருப்பது நல்லது. கருப்பு யார் என்று முதல் வரியிலேயே யாராவது போட்டு உடைத்திருப்பார்கள்.